பழைய டப்பாவில் பொட்டாசியம்

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் வேலை பார்க்கும் மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். அன்று காலை முதலாளியின் அறைக்குள் நுழைந்து அவள் சொன்ன வணக்கம் பக்கத்து நாற்காலிக்கே கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அவளுடைய வீட்டுக்காரர் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தங்கை வலது கை முழுக்கக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கவனக்குறைவு என்று முடிவானால் வேலையும் போய்விடும். அப்படித்தான் முடிவாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர் ஆய்வுக்கூட மேலாளர். வேறு யார், அக்காவின் வீட்டுக்காரரேதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மனுஷன் கிள்ளிவிட்டு, ஏன் அழுதாய் என்று பிள்ளையையே அடிக்கிறார்.

நடந்தது இதுதான். கரைப்பான்களில் இருக்கும் ஈரத்தைப் போக்க அங்கே சோடியம் போடுவார்கள். மிஞ்சும் துண்டுகளை ஆல்கஹாலில் போட்டு அழிப்பது தங்கையின் வேலை. போன வாரம் சோடியம் தீர்ந்துபோனது. மேலாளர் பொட்டாசியத்தை எடுத்து அதே சோடியம் டப்பாவில் போட்டார். மேலே ஒட்டியிருந்த பெயரை மாற்றவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. எண்ணெயில் கிடக்கும்போது பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தங்கை வழக்கம்போலப் போட்டாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

மேலாளர் முதலாளியிடம் பாடம் ஒப்பித்தார். இரண்டு அணுவுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான்தானாம், அதனால் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளுமாம், பெண்தான் அவசரப்பட்டுவிட்டாளாம். அடப்பாவி, மீதிப் பாடத்தை யார் சொல்வது? பொட்டாசியத்தில் அந்த எலக்ட்ரான் இன்னும் ஒரு கூடு தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கருவின் பிடி தளர்ந்துவிடும், சட்டென்று கைநழுவிப் போகும். சோடியம் நுரைத்து அடங்குகிற இடத்தில் பொட்டாசியம் தீப்பிடிக்கும். இது மேலாளருக்குத் தெரியாததல்ல. அக்காவுக்குப் பற்றி எரிந்ததே அதனால்தான்.

அவள் வாதாடவில்லை. எல்லாரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். இரண்டு கிண்ணங்களில் ஆல்கஹால் ஊற்றி, பக்கத்தில் மிளகளவு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எண்ணெயோடு வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே. நீங்களே போட்டுக் காட்டுங்க."

மேலாளர் சின்ன இடுக்கியால் சோடியத்தை எடுத்துப் போட்டார். அது நுரைத்து அடங்கியது. அடுத்த கிண்ணத்துக்கு வந்தபோது இடுக்கியைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டினார், தடித்த கையுறையைப் போட்டார், முழ நீளக் கிடுக்கியைத் தேடி எடுத்தார். எடுத்த பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்கு உறைத்தது.

 

"இதையெல்லாம் அன்னிக்கு அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கலாமே" என்றாள் அக்கா. "உங்கள மாமான்னு கூப்பிட்ட பொண்ணு அவ."

மேலாளர் கவசத்தைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எதுக்குப் போட்டீங்கன்னு அவகிட்டயே சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறமா வீட்டுக்கு வாங்க."