வேறு ஏதேனும் தொடர்பு

அரசு ஆஸ்பத்திரிகளில் செய்ய முடியாத ரத்தப் பரிசோதனைகளை எந்தத் தனியார் லேபுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் குழுவில், மருந்தாளுநர் என்ற முறையில் என்னையும் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் கூட்டம். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்களில் உறவினர் உண்டா? அந்த லேபில் பங்கு உண்டா? இரண்டு வருடத்துக்குள் பரிசு ஏதும் வாங்கியதுண்டா? இல்லை, இல்லை, இல்லை. கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. வேறு ஏதேனும் தொடர்பு?

விண்ணப்பித்த இரண்டு பேரில் ஒருவன் சின்னசேலத்தில் லேப் வைத்திருக்கும் சுபாஷ். வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனும் நானும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

என்ன காலம் அது! மழை பிடித்துக்கொண்டால் ஒரு நோயாளிகூட வரமாட்டார். சாமைச்சோறும் கருவாட்டுக் குழம்புமாக எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு நாள் பொழுது போகாமல் எங்கள் எல்லோர் விரலையும் குத்தி ரத்த வகை பார்த்தான் சுபாஷ். "அக்கா, நீங்களும் நானும் பி நெகட்டிவ். இங்க நாம ரெண்டு பேருதான்" என்று பெருமை வேறு. அந்த விளையாட்டுதான் அடுத்த வருடம் என் உயிரைக் காப்பாற்றியது. என் மகள் சபா பிறந்த அன்று ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜீப்பில் மலை இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவன், கீழே ஆஸ்பத்திரியில் படுத்து எனக்கு ரத்தம் கொடுத்தான்.

இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் டாக்டர் செல்லமுத்து படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இது? இருபத்தோரு வருசத்துக்கு முன்னாடி குடுத்த ரத்தத்தையெல்லாமா எழுதுவாங்க?"

"சார், அவன் லேப்ல எந்தக் குறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றும் வாய்தான் முந்திக்கொண்டது. மனசு உள்ளேயேதான் இருந்தது.

சுபாஷுக்குக் கிடைக்கவில்லை. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் காலையில் ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனையை அவன் ஒரு வாரம் விட்டிருந்தானாம். இந்த வேலை வரும் என்று நம்பி மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்திருந்தான். சாயங்காலமே போன் வந்தது.

"ஏன்கா எழுந்து போயிட்டீங்க? நீங்க உள்ள இருந்தா போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"இருந்திருந்தா உனக்குத்தான் கை தூக்கியிருப்பேன்டா. அதான் எழுந்துட்டேன்."

"ஒரு வாரம் வுட்டுப் போச்சி, அவ்ளோதான். யாருக்கு இன்னா ஆயிடுச்சி?"

"அந்த வாரம் யாருக்காவது ரிசல்ட்டு தப்பா போயிருந்தா?"

"அன்னிக்கி ரத்தம் குடுக்கச்சொல்ல நான் எந்த ஃபாரமும் பாக்கலக்கா" என்றவன் வைத்துவிட்டான்.

செய்தது சரி என்று தெரிந்தும் அழுதேன். சரியாக நடந்துகொண்டதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

சபாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதல் போன் அவனுடையதுதான். இந்த வருடம் மதியம்வரை வரவில்லை. "மாமா மறந்துட்டாராம்மா?" என்று அவள் கேட்டதும் நானே போட்டேன். உடனே எடுத்தான்.

"சுபாஷ்..." என்றேன்.

"பாப்பாகிட்ட குடுங்க" என்றான்.

கொடுத்தேன். அவளிடம் வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசினான். என்னிடம் மறுபடி கொடுக்கச் சொல்லவில்லை.