ஒத்தைச் சாக்ஸ், இரண்டாம் பாகம்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு வீடியோ கேம் செய்தார். துவைக்கிற மெஷினில் ஜோடியைத் தொலைத்துவிட்ட ஒரு சாக்ஸ், அதைத் தேடி வீடு முழுக்கத் தாவித் தாவிப் போகும். குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து சோப்புப் பெட்டிக்கு, அங்கிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து துணிக்கொடிக்கு. தவறினால் கீழே தண்ணீர். நனைந்தால் ஆட்டம் காலி. பெயர் 'ஒத்தைச் சாக்ஸ்'. கேட்டால் சிரிப்புத்தான் வரும், ஆனால் அதை ஒரு தடவையாவது விளையாடாத ஆளை நான் பார்த்ததில்லை. தனி ஆளாக உட்கார்ந்து அதைச் செய்து முடித்தவருக்குக் கழுத்துவலி வந்துவிட்டது. கேமை நான் வேலை பார்க்கிற கேம் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு லிஃப்ட் பராமரிக்கிற வேலைக்குப் போய்விட்டார். "இங்கயும் மேல கீழ போறதுதான் மாப்பிள்ளை. என்ன, யாரும் தண்ணில விழ மாட்டாங்க" என்பார்.

இரண்டாம் பாகம் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பணிவுக்காக அப்படிச் சொல்கிறேன். உண்மையில் நானே ஓடிப்போய்த் தலையை நீட்டினேன். மச்சானுடைய கேமில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருந்தன. எனக்குக் கல்யாணமான புதிதிலேயே எண்ணி எழுதி வைத்திருந்தேன். ஒரு இடத்தில் சாக்ஸ் சுவருக்குள் பாதி புகுந்துவிடும், இன்னொரு இடத்தில் காற்றில் நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரிக்கும். இரண்டு வருடம் ஆறு பேராக உழைத்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருத்தி டிக் அடித்தேன். கதையும் வளர்ந்திருந்தது: முதல் பாகத்தில் ஜோடி கிடைத்துவிட்டதே, அதனால் இரண்டு சாக்ஸும் சேர்ந்து இப்போது தங்களைப் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தேடிப் போகின்றன.

மச்சான் கேமைக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால், அதை அவர் கடைசிவரை விளையாடி முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் 'ஒத்தைச் சாக்ஸ்' என்ற பெயரை வைக்கலாம். கம்பெனி வைத்த கெடுப்படி அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெயரை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மேலாளர் யோசித்து வைத்திருந்த மாற்றுப் பெயர்: 'தாவும் துணிகள்'. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெயரை விடுங்கள். எனக்கு மச்சான் வாயால் 'நல்லா இருக்கு' என்று கேட்க வேண்டும். ஏழு வருடமாக அவர் என்னைப் பார்த்து எதையும் அப்படிச் சொன்னதில்லை, நான் அவர் தங்கைக்குத் தாலி கட்டியதைக்கூட.

திங்கட்கிழமை காலை மச்சான் ஒரு வார லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். கண்ட்ரோலரை எடுத்தார். முதல் தாவலிலேயே தொட்டியில் விழுந்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பத்தாவது தடவை விழுந்தபோது நான் மட்டும் சிரித்தேன். நாற்பதாவது தடவை இருவருமே சிரிக்கவில்லை.

"தாவல் சரியில்ல மாப்பிள்ளை."

"உங்க கணக்கேதான் மச்சான். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எல்லாம் புள்ளிகூட மாறாம எடுத்துப் போட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் விழறேன்?"

"வயசாயிடுச்சில்ல."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. செவ்வாய் முழுக்க உம்மென்று உட்கார்ந்து விழுந்துகொண்டே இருந்தார். எனக்கும் ரோஷம். போன மாதம் வெளியாட்கள் பத்துப் பேரை விளையாட விட்டபோது அவர்களும் 'ஏதோ பழைய மாதிரி இல்ல' என்று இழுத்தார்கள்தான். பழகினால் சரியாகிவிடும் என்று அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அது ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் வாயைத் திறப்பேனா?

புதன்கிழமை மாலை என் மனைவி வேலை முடிந்து வந்தாள். அவள் பல் டாக்டர். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்கைப் பார்த்தே பிழைக்கிறவள். முதல் பாகத்துக்கான படங்களை எல்லாம் கல்லூரி நாட்களில் கையால் வரைந்து கொடுத்ததும் அவள்தான். அண்ணன் ஒரு மூலை, புருஷன் ஒரு மூலை என்று நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். படுக்கையறையிலிருந்த டிவியைத் தூக்கி வந்து முன்னறை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, அதில் பழைய கேமைப் போட்டாள். இரண்டிலும் சாக்ஸைத் தொட்டி விளிம்புவரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு கிட்டப் போய்க் குனிந்து, நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இங்க வாங்க. பழசுல சாக்ஸ் எங்க நிக்குது?"

போய்ப் பார்த்தேன். விளிம்பு முடிந்து, ஒரு விரல் நகம் அளவுக்குத் தள்ளி, வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

"அது பிழை. நாற்பத்தேழாவது பிழை" என்றேன். "எல்லா இடத்துலயும் வலது பக்க விளிம்புல அப்படித்தான் இருந்துச்சு. புதுசுல எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சரி பண்ணீங்க?"

மச்சான் எழுந்து வந்தார். பழைய கேமின் கண்ட்ரோலரை வாங்கி ஓடினார், தாவினார், சோப்புப் பெட்டியில் போய் நின்றார். திரும்ப ஓடினார், திரும்ப நின்றார். விளிம்பைத் தாண்டிய பிறகுதான் அவர் பட்டனை அழுத்துகிறார் என்பது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. எல்லோருமே அப்படித்தான் அழுத்துவார்கள் போலிருக்கிறது. பழைய கேமில் கால் வைக்க அங்கே இடம் இருந்தது. என்னுடையதில் அங்கே தண்ணீர்.

"ஆனா நான் அப்படி ஒண்ணும் வைக்கலையே" என்றார் மச்சான். "இவ வரைஞ்ச தாளை அளந்துதான் சாக்ஸ் நிக்கிற தரையைப் போட்டேன்."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, அந்த ஸ்கேனர்! வலது பக்கம் ஒரு ஓரத்தைச் சாப்பிட்டுடுமே, ஞாபகம் இருக்கா? நான் தாளோட ஓரம்வரைக்கும் வரைவேன். படம் குட்டையாயிடுச்சு. நீ அளந்தது முழுத் தாளை. அதான் படம் முடிஞ்சும் தரை நீண்டிருக்கு."

மச்சான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "அப்போ ஏழு வருஷமா எல்லாரும் 'ஆஹா, என்ன தாவல்'னு சொன்னது என்னை இல்லியா? ஸ்கேனரையா?" என்று கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், மறைப்பானேன், குளுகுளுவென்று இருந்தது. ஆனால் அது அரை நிமிஷம்தான். அவராவது தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். நான் மெனக்கெட்டு உட்கார்ந்து அதைக் கெடுத்திருந்தேன், டிக் வேறு அடித்திருந்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் போய், எல்லா வலது பக்க விளிம்புக்கும் வெளியே ஒரு நகம் அளவு தரையை நீட்டினேன். "சாக்ஸ் காத்துல நிக்குதே சார்" என்று படம் வரைகிற பெண் கேட்டாள். "நிக்கட்டும்" என்றேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து மச்சானிடம் கண்ட்ரோலரைக் கொடுத்தேன். ஓடினார். தாவினார். சோப்புப் பெட்டி. அங்கிருந்து கண்ணாடி. துணிக்கொடி. அவர் முன்னால் நகர்ந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஒரு சாக்ஸை இன்னொன்று தூக்கி வீசுகிற இடம் வந்தபோது, "ஏய்!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் கடைசி அறைக்கு வந்துவிட்டார். எதிரே ஒரு கதவு. அதைத் திறந்தால் கால், அத்தோடு கதை முடிந்தது. நான் ஒப்பந்தத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கதவுக்கு முன்னால் போய் நின்றவர், சாக்ஸைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

"மச்சான், கதவு அந்தப் பக்கம்."

"தெரியும். அலமாரிக்குப் பின்னாடி ஒரு சந்து இருந்துச்சு, பாக்கல."

"அதுல ஒண்ணும் இல்ல."

"பரவாயில்ல, போய்ப் பாத்துட்டு வரேன்."

சந்து முடிந்து பரண், பரண் முடிந்து செருப்பு ஸ்டாண்டு. மூன்று மணிக்குக் கதவுவரை வந்தார், திரும்பினார். நாலு மணிக்கு வந்தார், திரும்பினார். இதற்குள் மேலாளர் மூன்று தடவை போன் அடித்துவிட்டார். நாலரைக்கு என் பொறுமை போய்விட்டது.

"வேணும்னே பண்றீங்களா மச்சான்? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. இப்படி உயிரை வாங்காதீங்க!"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் பாகத்தை நான் விளையாடினதே இல்ல மாப்பிள்ளை, தெரியுமா? செய்யறப்போ ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்தேன். அது வேலை. எந்த ரூம்ல என்ன இருக்குன்னு எல்லாம் நான் வெச்சதுதானே, அதுல என்ன விளையாட்டு இருக்கு? ஊரே விளையாடுச்சு, நான் மட்டும் விளையாடல." சாக்ஸைச் செருப்பு ஸ்டாண்டு மேல் நிறுத்தினார். "இதுல அடுத்த ரூம்ல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியல. அந்தக் கதவைத் திறந்தா முடிஞ்சிடுமே."

சமையலறைக்குப் போய் நின்று மேலாளரைக் கூப்பிட்டேன்.

"திங்கட்கிழமைவரைக்கும் டைம் வேணும் மேடம்."

"ஏன், அவருக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான் பிரச்சினை."

ஒரு நிமிஷம் கத்தினார். பிறகு, திங்கள் காலை பத்து மணி, அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் 'தாவும் துணிகள்'தான் என்று சொல்லி போனை வைத்தார். நான் திரும்பி வந்தபோது மச்சான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"மெதுவா ஆடுங்க மச்சான். திங்கக்கிழமைவரைக்கும் இருக்கு" என்றேன்.

"அப்போ டீ போடுங்க" என்றார்.