இரண்டு பாவுகளுக்கு இடையில்

தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவைக் குணா கொண்டுவந்தபோது ஜெயவேல் தன் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் இரும்புச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் பை தொங்கவிடுவதற்கான சட்டம். வேலூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. மூன்று போல்ட்டுகள் உட்கார்ந்துவிட்டன. நான்காவது துளை சற்று விலகியிருந்தது. அதை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

குணா பட்டுக்கடையின் ஆள். டிவிஎஸ் ஐம்பதை அணைக்காமலே துணி மூட்டையை எடுத்து வாசற்படியில் வைத்தான்.

“இன்னாது?”

“பாவுதான். அரக்கு கலரு. மாசி முகூர்த்தத்துக்கு.”

“தை பொறந்து எடுத்துக்கறேன்னு சொல்லிருக்கேனே.”

“என்னக் கேட்டா? இன்னிக்கே பிணைச்சிடணுமாம். ஜல்தியா ஆரம்பிக்கச் சொன்னாரு.”

“யாரு, மொதலாளியா?”

“சின்னவரு.”

குணா வண்டியைச் சுற்றிப் பார்த்தான். “இன்னா, பால் கேன் மாட்டப் போறியா?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

சின்னவர் என்றால் கோபிநாத். முதலாளி தணிகாசலத்தின் மகன். ஜெயவேலும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பன்னிரண்டாவது முடித்ததும் கோபிநாத் கல்லூரிக்குப் போனான், பிறகு அப்பாவின் கடைக்கு வந்தான். ஜெயவேல் தறியில் உட்கார்ந்தான். அந்தக் கடைக்கே நெய்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் குஜராத்தில் இருக்கும் கட்சுக்குக் கிளம்புகிறார்கள். இரண்டு வண்டி, ஒரு கூடாரம். அறை எடுப்பதில்லை என்று முடிவு. ஏரிக்கரை, கடற்கரை, கோயில் மைதானம், எங்கே இருட்டுகிறதோ அங்கே. கடைசியில் வெள்ளையாய் உப்பு வெளி. இரண்டு வருடமாகக் கண்ணமங்கலம் சாலை டீக்கடையில் உட்கார்ந்து இதையே பேசினார்கள். வழி கோபிநாத்தின் பொறுப்பு. சாமான், பஞ்சர், கயிறு, அடுப்பு எல்லாம் ஜெயவேல். கோபிநாத்தின் வண்டி புதியது, பெரியது. “உன் வண்டி போற வேகத்துலதான்டா நானும் வருவேன்” என்று அவன் ஒருமுறை சொன்னான். அந்தச் சொல்லுக்காகவே ஜெயவேல் தன் பழைய வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தான்.

நெய்கிறவனுக்கு விடுமுறை என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும் வரை தறி நிற்கும். அதுதான் விடுமுறை. பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் அதன் ஒவ்வொரு இழையோடு முடிபோட வேண்டும். அதற்குப் பெயர் பிணைத்தல். பிணைத்தாகிவிட்டால் நெய்து முடிக்கும் வரை எழுந்து போக முடியாது. பட்டு தறியில் சும்மா கிடந்தால் தூசு ஏறும், எலி கடிக்கும், முதலாளி ஆளனுப்புவார். இந்த முறை மார்கழியில் தறி நிற்கும்படி ஜெயவேல் மூன்று பாவுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு நெய்தான். விடியற்காலையில் உட்கார்ந்தான். காய்ச்சலிலும் உட்கார்ந்தான். ஜெயம் வலது பக்கம் உட்கார்ந்து சேலையின் கரைக்கு ஊடை நூல் நாடாவை எறிந்தாள். கரை வேறு நிறம் என்றால் அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். அவள்தான் அந்த ஆள். அவன் மனைவி.

அவன் அரத்தைக் கீழே வைத்தான். மூட்டையை அவிழ்க்கவில்லை. கையைக் கழுவாமல் கடைக்கு நடந்தான்.

கோபிநாத் கடையில் ஒரு சேலையை விரித்துப் போட்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஜெயவேலைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கட்டைக் காட்டினான். அங்கே சாயம் தோய்த்த பட்டு நூல் சிட்டங்கள் கொடியில் தொங்கின. தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக நீலம்.

“பாவ நீயா அனுப்புன?”

“மெதுவா பேசு.”

“நீயா அனுப்புன?”

“அப்பாதான்டா அனுப்பச் சொன்னாரு. என் பேரச் சொல்லி அனுப்பச் சொன்னாரு. நான் சொன்னா நீ மறுக்க மாட்டன்னு.”

“ஓ.”

“மச்சான், இந்த வருசம் வேணாம்டா. அடுத்த வருசம் கண்டிப்பா.”

“அப்போ நீ போகல.”

கோபிநாத் ஒரு சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல.

“லீவு எல்லாம் சொல்லியாச்சு. டிக்கெட்... இல்ல, டிக்கெட் இல்ல. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு. வீரபாகு மாமா வராரு.”

வீரபாகு அவனுடைய அக்கா கணவர். வேலூரில் இருக்கிறார். போன மாதம்தான் பெரிய வண்டி வாங்கினார்.

“அவருக்குக் கூடாரம் அடிக்கத் தெரியுமா?”

“கத்துக்குவாரு.”

“ஒரு பஞ்சர் ஒட்டத் தெரியுமா அந்த ஆளுக்கு? செயின் கழண்டா மாட்டுவாரா? இல்ல, அதுக்கும் என்ன போன்ல கூப்புடுவியா?”

“கத்தாதடா. கஸ்டமர் இருக்காங்க.”

“உங்கப்பா இன்னா சொன்னாரு?”

“விடேன்.”

“சொல்லு.”

கோபிநாத் தரையைப் பார்த்துச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே தெரியாமல் அப்பாவின் குரல் வந்தது. “‘ஒரு மாசம் ஒரே கூடாரத்துல படுத்து எழுந்துட்டு வந்தவன்கிட்ட எப்பிடிடா சேலையில குத்தம் சொல்லுவ? இழை விட்டுப்போச்சுன்னு எப்பிடித் திருப்பிப் போடுவ?’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

கோபிநாத் இன்னொரு சிட்டத்தைத் திருப்பிப் போட்டான்.

“கேக்குறேன் இல்ல. அதுக்கு நீ இன்னா சொன்ன?”

“அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குடா.”

ஜெயவேலின் வலது கை தானாக மடங்கியது. அடித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கோபிநாத்தும் அதை எதிர்பார்த்தவன் போல நின்றான், கண்ணை லேசாக மூடிக்கொண்டு. அடி வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. அதனாலேயே ஜெயவேல் அடிக்கவில்லை.

திரும்பி வரும்போது கடைவாசலில் தணிகாசலம் நின்றார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“இன்னா ஜெயவேலு. பாவு வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“ஒசத்திப் பட்டு. உன் கைக்குன்னே எடுத்து வெச்சேன். காபி சாப்ட்டுப் போ.”

அவன் தலையாட்டினான். தெருவுக்கு வந்த பிறகுதான் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. தன் கழுத்தையே ஒடித்துப் போடலாம் போலிருந்தது. கோபிநாத் மேல் வந்த கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. இதற்கு இல்லை. பதினைந்து வருடமாக அந்தக் கடையில் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறான். குற்றம் இல்லாத சேலையில் குற்றம் சொன்னபோதும் ஆட்டினான். அப்போதெல்லாம் கோபிநாத் அதே கடையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் டீக்கடையில் வந்து, “அப்பா அப்பிடித்தான்டா” என்பான். அந்த வார்த்தையில் ஜெயவேலுக்கு மனசு ஆறிவிடும். எப்படி ஆறியது என்று இப்போது புரியவில்லை.

ஜெயம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கெட்ட வார்த்தைகளோடு சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னாடி சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல.”

“ரெண்டு வருசம். ஒரு வார்த்த என்னக் கேட்டானா? அவனே முடிவு பண்ணி, அவனே ஆளு மாத்தி...”

“நீ என்னக் கேட்டியா மாமா?”

“உன்னயா? எத?”

“தறி உனக்கு மட்டுந்தான் நிக்குதா?” அவள் சாம்பல் கையோடு எழுந்தாள். “நானும்தான் அந்தப் பக்கம் உக்காந்து நாடா அடிக்கிறேன். எனக்குந்தான் முதுகு போவுது. ‘பெரணமல்லூருல உங்கம்மா வூட்ல ஒரு மாசம் இருந்துடு’ன்னு சொன்ன. சொன்ன, அவ்ளோதான். எனக்கு எங்கனா போவணும்னு இருக்குதான்னு ஒரு நாளு கேட்டியா? அவன் உன்னக் கேக்கலன்னு தெருவே அதிர்ற மாதிரி குதிக்கிற.”

“நீயும் அவனும் ஒண்ணா?”

“அவங்கப்பாவும் அவன இதத்தான் கேட்டிருப்பாரு.”

அது அவனுக்கு இன்னும் கோபமாக வந்தது. வாசற்படியில் இருந்த மூட்டையைத் தூக்கி, பாதி முடிந்த இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கினான். நான்காவது போல்ட் இல்லாமல் சட்டம் ஆடியது.

“எங்க?”

“திருப்பிக் குடுக்க.”

“குடுத்துட்டு?”

அவன் வண்டியை உதைத்தான்.

கடையில் கூட்டம் இருந்தது. வந்தவாசியிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு வீட்டாரும். மெத்தை முழுவதும் சேலைகள் விரிந்து கிடந்தன. ஜெயவேல் அவற்றுக்கு நடுவே மூட்டையை வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். பட்டு என்ன செய்யும்.

“இன்னாப்பா இது?” என்றார் தணிகாசலம்.

“உங்க பாவு வேணாங்க.”

“உடம்பு கிடம்பு சரியில்லயா?”

“உடம்பு நல்லாருக்கு. உங்களுக்கு நெய்யல. வேற ஆளப் பாத்துக்கங்க.”

கல்யாண வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோவத்துல எதையும் செய்யாத. போய்த் தூங்கி எழுந்து வா. ஆரணியில எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. நான் யாரு மேலயும் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா என்ன வந்து கேப்பாங்க.”

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. மிரட்டல் என்று அங்கே இருந்த வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

கோபிநாத் எழுந்து வந்தான். தோளைப் பிடித்தான். “டேய், வெளிய வாடா. பேசலாம்.”

ஜெயவேல் கையைத் தட்டிவிட்டான்.

“இங்க டேய்னு கூப்புடாத. இங்க நான் தறிக்காரன். வூட்டுக்கு வந்து கூப்புடு, ஏரிக்கரையில கூப்புடு. இங்க கூப்புடாத.”

ஞாயிறு வரை அவனும் ஜெயமும் பேசவில்லை. சோறு வைத்தாள், தின்றான். தறி நின்றது. அவன் நான்காவது துளையை ராவி முடித்தான். பைகளைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். தனியாகப் போவதா, போகாமல் வேறு கடையில் பாவு கேட்டுப் போய் நிற்பதா என்று தெரியாமலே கட்டினான். கேட்டால் கொடுப்பார்களா என்பதும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோபிநாத் நான்கு முறை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஞாயிறு காலையில் வண்டியைத் தெருவில் இறக்கியபோது ஜெயம் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஒரு பை. கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“பெரணமல்லூருக்கா?”

“வண்டிய எடு.”

தெரு முனையைத் தாண்டினார்கள். பனி விலகவில்லை. பால் வண்டிகளும் மார்கழி பஜனை முடிந்து வருகிறவர்களும் தவிர ஆள் இல்லை. அவள் அவன் மேல் படாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாலை பிரியும் இடத்தில் அவன் வண்டியை நிறுத்தினான். ஒரு பக்கம் கண்ணமங்கலம், வேலூர். மறுபக்கம் பெரணமல்லூர்.

“எந்தப் பக்கம்?”

பின்னால் வந்த வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். ஜெயம் பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு சூர்யகலாவுடையது. பெரணமல்லூர் போக அவள் என்றைக்கும் ஹெல்மெட் போட்டதில்லை. அதைத் தலையில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தாடைக்குக் கீழே வாரை மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். கொக்கி பிடிக்கவில்லை. பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் மறுபடி மாட்டினாள்.