கிழக்குக் குளத்துக்கு எண்பத்தெட்டு

என் அக்கா வீட்டுக்காரர் கிழக்குக் குளத்துக்கு எண்பத்தெட்டு மதிப்பெண் போட்டிருந்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே! செயற்கைக்கோள் படத்தில் குளம் பச்சைப் பசேலென்று தெரிந்ததாம். அத்தனையும் ஆகாயத்தாமரை. அதன் அடியில் மீன்குஞ்சுகூட மூச்சு விட முடியாது.

நான் களத்தில் கணக்கெடுப்பவள். சேற்றில் இறங்கி நடந்து, தண்ணீர், செடி, தடம், கூடு எல்லாம் பார்த்து, காட்டுயிர்கள் வாழ அந்த இடம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. எட்டு வருஷம் அப்படி நடந்து இந்த வட்டாரத்துக்கே வரைபடம் போட்டேன். எங்கள் பிரிவுக்குத் தலைவர் இந்த மாமாதான். கடைசியாக மிஞ்சிய கிழக்குக் குளத்தை மட்டும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வரைபடத்தில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேரு?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வரைபடம் ஏற்கப்பட்டால்தான் மேற்குச் சதுப்பு பாதுகாப்புப் பட்டியலில் சேரும். தொண்ணூற்றொன்று வாங்கிய இடம். மூன்று நீர்நாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. சேராவிட்டால் நடுவே வடிகால் வெட்டிவிடுவார்கள்.

மாமாவின் தப்பு திங்கட்கிழமையே என் கண்ணில் பட்டது. வியாழக்கிழமைதான் வரைபடம் ஆய்வுக்குழுவிடம் போகிறது. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? நாலு பேர் முன்னால் அவர் மானம் கப்பலேறட்டும். என் மூக்கு அறுந்தாலும் சரி, அவருக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்றிருந்தேன்.

"என்ன, ரெண்டு நாளா வாயே திறக்கல?" என்று அவரே கேட்டார்.

"பல்வலி மாமா."

வியாழக்கிழமை வரைபடத்தைக் கொடுத்து முடித்ததும் குழுத் தலைவியிடம் தேன் ஒழுகச் சொன்னேன்: "எவ்வளவுதான் படத்துல பாத்தாலும் நேர்ல பாக்கற மாதிரி வருமா மேடம்? கிழக்குக் குளத்துக்கே போலாமே." மாமா முகம் வெளுத்தது.

குளத்தருகே தலைவி, "எந்தப் பக்கமா இறங்கி எண்ணினீங்க?" என்று கேட்டார். "இதோ, இந்தப் பக்கம்தான்" என்று மாமா கரையென்று நினைத்துப் பச்சையின் மேல் காலை வைத்தார். இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். அடடா, என் வயிற்றெரிச்சலெல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்தது!

"எண்பத்தெட்டு எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டே விட்டேன்.

அழுகல் நாற்றத்தோடு ஏறி வந்தவர், "நான் இங்க வந்ததே இல்ல மேடம்" என்று தலை குனிந்தார்.

தலைவி என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தக் குளத்தோட மதிப்பெண் படிவத்தை மட்டும் திருத்தியிருப்பாங்க. எங்க கைக்கு வந்தப்புறம் ஒரு படிவம் பொய்யின்னாலும் மொத்த வரைபடமும் செல்லாது. விதி தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். மாமா விழுவதையே நாலு நாள் கற்பனை செய்துகொண்டிருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

"அப்போ மேற்குச் சதுப்பு, மேடம்?"

"அடுத்த பட்டியல் மூணு வருஷம் கழிச்சுத்தான்."

வடிகால் வெட்டி ஒரு மாதம் ஆனதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. நீர்நாய்த் தடம் ஒன்றுகூட இல்லை. மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வந்த நாலு வார்த்தையும் எனக்குத்தான் பொருந்தியது.