எட்டு மடிப்பு

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு வாரத்துப் பொய்யை ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தாள் அவள். பதினொரு மணிக்கு ஆலோசகரிடம் போக வேண்டும். உடல் எடைக்காகப் போகிற மருத்துவமனையில் மாத்திரை கொடுப்பார்கள் என்று நம்பிப் போனவளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி என்று ஆலோசகர் சொல்லியிருந்தாள். இவளோ செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வரி எழுதியதோடு நோட்டை மூடி வைத்தவள்.

எல்லாவற்றையும் ஒரே பேனாவில் எழுதினால் குட்டு உடைந்துவிடும். அதனால் புதன்கிழமைக்கு நீலம், வியாழனுக்குக் கறுப்பு என்று பேனா தேடி மகளின் பென்சில் டப்பாவைத் திறந்தாள். நாற்பத்தோரு வயதில் இந்தத் திருட்டுத்தனம் தேவையா என்று கேட்கத் தோன்றும். தேவையாகத்தான் இருந்தது. உண்மையை எழுதுவதைவிட இது சுலபம்.

டப்பாவின் அடியில், அழிப்பானுக்குக் கீழே, சின்னச் சின்னச் சதுரங்களாக ஏழெட்டு இருந்தன. ஒன்றை எடுத்தாள். பிரிக்காமலேயே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாக்லேட் உறை. எட்டாக மடித்து, நகத்தால் அழுத்திய உறை.

அப்படி மடிக்கிற ஆளென்று உலகத்தில் ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அது அவளேதான். அவசர உதவி எண்ணில் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. காதில் மாட்டிய மைக் எல்லாச் சத்தத்தையும் பிடித்துப் பதிவு செய்துவிடும். யாரோ உயிருக்குத் தவிக்கையில் இந்தப் பக்கம் பிஸ்கட் உறை சரசரத்தால் வேலை போய்விடும். அதனால் சத்தமில்லாமல் பிரிக்கவும், சத்தமில்லாமல் தின்னவும், உறையை எட்டாக மடித்து ஒளித்து வைக்கவும் பதினான்கு வருடத்தில் பழகியிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட இல்லை. ஒன்பது வயது மகள், இந்த வாலு, எங்கே பார்த்தாள்?

சதுரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"கிளம்பலையா?" என்று கணவன் எட்டிப் பார்த்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எந்தப் பிரச்சினைக்கும் பிரேக்கை அழுத்தினால் போதும் என்று நினைக்கிற மனுஷன். "நம்ம வாலுவுக்குப் போன மாசம் தைச்ச சட்டையே பத்தல. பாத்தியா? நான் ஒரு பூட்டு வாங்கிட்டு வரேன். நாளையிலிருந்து சமையலறை அலமாரிக்குப் பூட்டு. காலையில ரெண்டு பேரையும் நிக்க வச்சு எடை பார்க்கப் போறேன், சொல்லிட்டேன்."

"அவளை எதுக்குங்க எடை போட்டுக்கிட்டு?"

"உன்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போல. தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பூட்டுப் போட்ட வீட்டில்தான் அவளும் வளர்ந்தாள். சாவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். நாளைக் காலையில் அந்தப் பூட்டு விழுந்தால் வாலுவும் அதையேதான் கற்றுக்கொள்வாள். மீதி கட்டங்களை அவசர அவசரமாக நிரப்பினாள். ஒரு சதுரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஆலோசகர் சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் அவளுக்கு. மேஜையில் இருந்த மூடி அத்தனையும் நசுங்கியிருந்தது. நோட்டைப் புரட்டினாள். ஒரு முறை பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள்.

"உங்க வேலையில நேரத்தை எப்படிக் குறிப்பீங்க?"

"நிமிஷம் தப்பாம. கோர்ட்டு வரைக்கும் போகுமே."

"அதான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை 4.17ன்னு இருக்கு. மத்த நாளெல்லாம் எட்டு மணி, ஒரு மணி, ஏழு மணி. ஒரு வாரம் பூரா முள்ளு முழு மணியில நிக்குறப்ப மட்டும்தான் சாப்பிட்டீங்களா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை மாற்றத் தெரிந்தவளுக்கு மணியை மாற்றத் தெரியவில்லை. ஆலோசகர் சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. செவ்வாய்க்கிழமை வரியின் மேல் விரலை வைத்தாள். நேரம் இருந்தது, ஒரு பாக்கெட் பிஸ்கட் என்று இருந்தது, மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"4.17க்கு முன்னாடி என்ன நடந்தது?"

"பசி."

"மதியம் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிருந்தது?"

"ஒரு மணி நேரம்" என்றாள். அடுத்துப் பேசியபோது குரல் வேலையில் பேசுகிற குரலாக மாறியிருந்தது. "ஒரு ஆள் கூப்பிட்டார். மனைவி விழுந்துட்டாங்க, மூச்சு இல்லைன்னார். நெஞ்சை அழுத்தச் சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணிக்கிட்டே இருந்தோம். பதினோரு நிமிஷம். ஆம்புலன்ஸ்காரங்க உள்ள வர்ற சத்தம் கேட்டுச்சு. லைன் கட்டாயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அடுத்த அழைப்பு வந்துடும்."

"பிஸ்கட் என்ன பண்ணுச்சு?"

"மண்டைக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தது நின்னுச்சு. ரெண்டு நிமிஷம்." சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து அந்தச் சதுரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது என்னோடது இல்லை. என் பொண்ணோடது. நாளைக்கு அவங்க அப்பா பூட்டுப் போடப் போறார். நான் என்ன பண்ணட்டும்? ஏன்டி இப்படித் தின்னேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்பேன்?"

"ஏன்னு கேட்காதீங்க. திட்டுற மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு கேளுங்க."

"பயமா இருக்கு."

"பயந்துபோய்க் கூப்பிடுறவங்ககிட்ட முதல்ல என்ன கேட்பீங்க?"

"எங்க இருக்கீங்கன்னு."

"அங்கிருந்தே ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, அறியாமலே ஒரு மூடியை எடுத்துக் கடிக்கப் போனவள், கண்டுகொண்டு கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்டால் மகள் வாயே திறக்காமல் போகலாம். அல்லது திறந்துவிடலாம். எது மோசம் என்று தெரியவில்லை.

"வாலு, எங்க இருக்கே?"

"கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல. ஏன், கண்ணு தெரியலையா?"

அந்த இடுக்கில் அவளால் நுழைய முடியாது. தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டாள். உள்ளங்கையைத் திறந்து சதுரத்தைக் காட்டினாள். மகளின் காது சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"திட்ட மாட்டேன். அடிக்க மாட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. இதைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி என்னடா கண்ணு நடந்தது?"

வாலு கட்டில் விரிப்பின் நூலை இழுத்தாள். ஒரு நூல், இரண்டு நூல். விரிப்பு பாழாகிக்கொண்டிருந்தது. அவள் தடுக்கவில்லை.

"குழாய்" என்றாள் மகள்.

"எந்தக் குழாய்?"

"நீ வேலையிலேருந்து வந்ததும் நேரா பாத்ரூம் போயிடுவே. குழாயைத் தொறந்து விடுவே. தண்ணி சத்தம் கேட்கும். நீ குளிக்கிற சத்தம் கேட்காது. ஒருநாள் குப்பைக்கூடையில பார்த்தேன், இதேமாதிரி மடிச்சு வச்சிருந்தே. அழறியா, சாப்பிடுறியான்னு எனக்குத் தெரியாது. தண்ணி நிக்கிற வரைக்கும் வயித்துல என்னமோ பண்ணும். சாப்பிட்டா பண்ணாது."

பதினான்கு வருடத்தில் எத்தனையோ பேர் போனில் கதறியதைக் கேட்டவள். யாருக்கும் பதில் சொல்லத் தடுமாறாதவள். இப்போது நூல் போன விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். மகளின் மூன்றாவது கட்டத்தில் இருந்தது அவள்தான்.

மாலையில் கணவன் பூட்டோடு வந்தான். பித்தளைப் பூட்டு, மூன்று சாவி. வாலு பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்த நேரத்தில் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், மைக், எட்டு மடிப்பு, நோட்டில் எழுதிய பொய்வரை. அவன் பூட்டைத் திறந்து திறந்து மூடினான்.

"இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க எடை போடுவீங்க."

"ஒரு வாரம் பார்ப்போம்" என்று பூட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தான். பத்திரமாக உள்ளே வைத்திருக்கலாம். கண்ணில் படும் இடத்தில்தான் வைத்தான்.

திங்கட்கிழமை 2.38க்கு ஓர் அழைப்பு வந்தது. ஒரு சிறுமி. அப்பா மாடிப்படியில் விழுந்து பேசாமல் கிடக்கிறார் என்றாள். ஆள் வந்து சேரும்வரை ஆறு நிமிடம் அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். லைன் அறுந்தது. அடுத்த அழைப்பு வந்தது.

ஐந்தேமுக்காலுக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது கைப்பையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் இருந்தது. கால் தானாகக் குளியலறைப் பக்கம் போனது. கை குழாயைத் தொட்டும்விட்டது. கதவுக்கு வெளியே எந்தச் சத்தமும் இல்லை. வாலு எங்கேயோ நின்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

கையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். கூடத்து மேஜையில் பாக்கெட்டை வைத்தாள்.

"வாலு, இங்க வா. இன்னிக்கு ரெண்டு முப்பத்தெட்டுக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா. உன் வயசுதான் இருக்கும். அவங்க அப்பா கீழ விழுந்துட்டார்."

மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அவரு பொழைச்சாரா?"

"தெரியாது."

"யாருகிட்டயாவது கேட்க முடியாதா?"

"முடியாதுடா. அதான் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது."

"எனக்கும் பண்ணுது" என்றாள் வாலு.

அவள் பாக்கெட்டை எடுத்து நடுவில் பிடித்துக் கிழித்தாள். சரசரவென்று அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மகள் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். மொறுமொறுவென்று மென்றார்கள். மீதி பாக்கெட்டிலேயே இருந்தது. இன்னும் ஒன்று வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இரண்டு வேண்டும் போலவும் இருந்தது.

வாலு பழக்கதோஷத்தில் உறையின் கிழிந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு.

"மடிக்காதே" என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும். அப்பா வந்து பார்க்கட்டும்."