வலப்பக்கச் சுவர்

பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மார்ச் முதல் செவ்வாய் என்றால், எல்லோரும் கூடி ஓட்டுப்போட்டு ஊர் விஷயங்களை முடிவுசெய்யும் ஊர்க்கூட்டம். வெளியே பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. வந்தவர்களின் காலணிகளிலிருந்து அது தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கொரின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கணவனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ் முன்னால், ஊர்க்குழு மேசையில் இருந்தான். இந்த வருடம் அவன்தான் தலைவர். கை ஒரு பேனாவை உருட்டிக்கொண்டிருந்தது. அதுவரை சரி.

மூன்று வாரங்களுக்கு முன்பு அந்தக் கை உருட்டவில்லை. மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன், இடது கை தொங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டான். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. அவள் தொலைபேசியை எடுத்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் கொரின். யார்கிட்டயும் சொல்லாதே. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

அவன் பால் லாரி ஓட்டுகிறவன். நெஞ்சு நோய் என்று தெரிந்தால் ஓட்ட விடமாட்டார்கள். அந்த வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, இருவருக்குமான மருத்துவக் காப்பீடும் போகும். டாக்டரிடம் நெஞ்சைக் காட்டப் போனால், பிறகு நெஞ்சைக் காட்ட வழியில்லாமல் போய்விடும். அவன் இதைச் சொன்னபோது அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

வலி கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. அவளைத்தான் விடவில்லை. அவன் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறாள். தண்ணீர்ச் சத்தம் நின்று, அவன் துண்டை உதறும் சத்தம் வரும்வரை நிற்கிறாள். எங்கே போனாலும் அவள் கோட்டுப் பையில் ஆஸ்பிரின், வலி மறுபடி வந்தால் கொடுக்க.

"அடுத்த தீர்மானம்," என்றார் எம்மெட். இந்த ஊர்க்கூட்டத்துக்குப் பல வருடங்களாக அவர்தான் நடுவர். "ஆம்புலன்ஸ் குழுவோட நம்ம ஊரு வெச்சிருக்கிற ஒப்பந்தம் ஜூன்ல முடியுது. அதோட விட்டுடலாமாங்கிறது கேள்வி. ராய்ஸ், நீ சொல்லு."

ராய்ஸ் எழுந்தான். தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அவன்தான்.

"கட்டணத்தை ரெண்டு மடங்குக்கு மேல ஏத்திட்டாங்க, நடுவரே. அவங்க மேல தப்புச் சொல்லல, டீசல் விக்கிற விலை அப்படி. ஆனா அது நம்ம வீட்டு வரியிலதான் வந்து விழும். போன வருஷம் மலை ரோட்டுல ரெண்டு குடும்பம் வரி கட்ட முடியாம வீட்டை வித்துட்டுப் போச்சு. மூணாவது குடும்பம் போறதை நான் பாக்க விரும்பல. இனிமே ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்லேருந்து வண்டி வரட்டும். முக்கால் மணி நேரம் ஆகும். அதை மறைக்கல."

"இந்தச் சேத்துலயா முக்கால் மணி நேரம்?" பின்னாலிருந்து டெல்மர் கத்தினான். அவனிடம் நாற்பது மாடுகளும் ஓயாத வாயும் உண்டு. "அவ்வளவு நேரம் கழிச்சு ஆம்புலன்ஸ் எதுக்கு? என் டிராக்டரே போதும்!"

கூடம் சிரித்தது.

"டெல்மர், எதுவா இருந்தாலும் நடுவரைப் பாத்துச் சொல்லு."

"சரி நடுவரே. நடுவரே, என் டிராக்டரே போதும்."

பச்சைக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் எழுந்து, தன் பையனைத் தேனீ கொட்டி மூச்சு அடைத்தபோது குழு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று சொன்னாள்.

"கனெக்டிகட்லேருந்து பணத்தோட வந்து குடியேறினவங்களுக்கு எல்லா வசதியும் வேணும்," என்றது ஒரு குரல்.

"நானும் வரி கட்டுறேன்யா! உன்னைவிட அதிகமாவே கட்டுறேன்!" என்று திருப்பிக் கத்தினாள் தொப்பிக்காரி.

காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் பிரிட்டா நின்றிருந்தாள். ஆம்புலன்ஸ் குழுவின் ஆள். இடுப்பில் ரேடியோ.

"பிரிட்டா, உனக்கு வேற வேலை தேடணும்போல," என்றான் டெல்மர்.

"இதுல எங்க சம்பளம் தர்றாங்க, வேலைன்னு சொல்ல?" என்றாள் அவள். கோப்பையிலிருந்து வாயை எடுக்கவில்லை.

கொரின் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம். ராய்ஸ் அதை எல்லோர் முன்னாலும் அமைதியாகச் சொன்னான். வேறு யாருடைய நெஞ்சைப் பற்றியோ சொல்வதுபோல.

ஓட்டைச் சீட்டில் எழுதி ரகசியமாகப் போடலாம் என்று அவள் நம்பியிருந்தாள். அதைக் கேட்க ஏழு கைகள் உயர வேண்டும். அவளுடையதையும் சேர்த்து நான்குதான் உயர்ந்தன. சமையலறையிலிருந்து பீன்ஸும் பன்றித்தொடையும் வெந்த வாசனை வந்துவிட்டது. யாருக்கும் பொறுமை இல்லை.

எம்மெட் குரல் வாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்றதும் இல்லை என்றதும் ஒரே அளவில் எதிரொலித்தன.

"பிரிஞ்சு நில்லுங்க. விட்டுடலாம்ங்கிறவங்க வலப்பக்கச் சுவர். வேணும்ங்கிறவங்க இடப்பக்கம். எண்ணிடலாம்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கொரின் இடப்பக்கம் நடந்தாள்.

"அட ராய்ஸ்! உன் வீட்டு ஓட்டே உனக்கு இல்லையே!" டெல்மர் விடவில்லை. "இன்னிக்கு உனக்குச் சோறு உண்டா?"

ராய்ஸ் சிரித்தான். அவளைப் பார்க்காமல் வலப்பக்கச் சுவருக்குப் போனான். மெதுவாகத்தான் போனான்.

இரண்டு பேர் எண்ணத் தொடங்கினார்கள், சுவருக்கு ஒருவர். ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு வந்தார்கள். எண்ணுகிறவர் தன்னிடம் வருவதற்குள் கொரின் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ராய்ஸின் தோள் சுவரில் சாய்ந்திருந்தது. இடது கை தொங்கியது. யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போலத் தொங்கியது. முகத்தில் அதே சாம்பல்.

பக்கத்தில் நின்றவன் எதையோ பேசிக்கொண்டிருந்தான். கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை. கத்த வேண்டும் என்று தோன்றியது. லைசென்ஸ் என்றும் தோன்றியது. அதற்குள் அவள் கால்கள் கூடத்தின் நடுவில் இருந்தன.

அவனை ஒட்டி நின்று அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். சட்டை நனைந்திருந்தது. எடை முழுவதும் அவள்மேல் இறங்கியது. ஒரு மாத்திரையை எடுத்து அவன் உதட்டுக்குள் தள்ளினாள்.

"கடிச்சு மெல்லு."

"போயிடும்," என்றான். "இப்பப் போயிடும். அசையாம நில்லு."

அவள் தோளில் ஒரு விரல் பட்டது. எண்ணுகிறவர் அவளைத் தாண்டி அடுத்த தோளுக்குப் போய்விட்டார்.

"பாத்தியா, சோறு உண்டு!" என்றான் டெல்மர். எல்லோரும் கைதட்டினார்கள்.

எம்மெட் இரண்டு காகிதத் துண்டுகளையும் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"விட்டுடலாம், அறுபத்து மூணு. வேணும், அறுபத்து ரெண்டு. தீர்மானம் நிறைவேறுது. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஒரு ஆள். அவள்தான் அந்த ஒரு ஆள்.

ராய்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கொட்டகையில் பிடித்த அதே பிடி, ஆனால் இப்போது அதில் வலுவில்லை. விரல்கள் ஈரமாக, பனிக்கட்டிபோல் இருந்தன. சமையலறைக் கதவு திறந்தது. ஆட்கள் தட்டுகளை நோக்கி நகரத் தொடங்கினார்கள். தீர்மானத்தை முடித்துவைக்க எம்மெட்டின் சுத்தியல் மேலே போனது.

"நடுவரே," என்றாள் கொரின். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நடுவரே! என்னைத் தப்பான பக்கத்துல எண்ணிட்டாங்க."

சிரிப்பு கிளம்பியது.

"கொரின், நீயாத்தானே அங்க போய் நின்னே?" எம்மெட்டும் சிரித்தார். "எதுக்குப் போனே?"

"வேண்டாம்," என்றான் ராய்ஸ். உதடு மட்டும்தான் அசைந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். பால் லாரி, காப்பீடு, வீடு, எல்லாம் அந்த முகத்தில் இருந்தன. சாம்பல் நிறமும் இருந்தது. அது குறையவே இல்லை.

"இவர் விழாம இருக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்," என்றாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கூடத்தின் பின்னால் பிரிட்டா கோப்பையை மேசைமேல் வைத்தாள். இடுப்பு ரேடியோவை வாயருகே கொண்டுபோனபடி, இடையில் கிடந்த நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, வலப்பக்கச் சுவரை நோக்கி ஓடிவந்தாள்.