ஆளில்லாத முதல் வண்டி

அப்பாவுக்குக் கோபம் வருவது வருடத்துக்கு ஒரு முறை இருந்தால் அதிகம். அப்படி ஒரு கோபத்தோடு அன்று வேலையிலிருந்து திரும்பியவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கு நம்ம கண்டக்டர் லீவு. அவருக்குப் பதிலா ஒருத்தன் வந்தான் பாரு. தூங்கறவங்கள ஒவ்வொருத்தரா தட்டி எழுப்பி, பாஸைக் காட்டு, பாஸைக் காட்டுன்னு ஒரே ரோதனை. விடியறதுக்கு முன்னாடி மனுஷன் அந்த அரைமணி நேரந்தான் கண்ணை மூடறான். அதையும் கெடுத்தான்."

"அவரு வேலையை அவரு பாத்திருக்காரு," என்றாள் அம்மா.

"பாக்கட்டும். அதுக்கு லைட்டை ஏன் போடணும்?"

நான் சிரித்தேன். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தேன். இப்போது யோசித்தால், அந்தத் தலையை ஒரு நிமிஷம் தூக்கியிருக்கலாம்.

அப்பாவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். ஆறு மணிக்குக் கொதிகலனை ஏற்றுகிறவர் அவர்தான். அது சூடேறினால்தான் முதல் அறுவைச் சிகிச்சைக்குத் துணி போகும். அதனால் ஐந்து பத்து வண்டி. அந்த வண்டியில் வருகிறவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்காரர்கள்: தரை துடைப்பவர்கள், சமையல் ஆட்கள், காவலாளிகள், வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வரும் நோயாளிகள். எல்லாரிடமும் மாதப் பாஸ் இருக்கிறது. விதிப்படி கண்டக்டர் ஒவ்வொரு பாஸையும் தன் மெஷினில் தொட்டுப் பதிய வேண்டும். எங்கள் வழக்கமான கண்டக்டர் ஒன்பது வருடமாகத் தொட்டதில்லை. முகம் தெரிந்த பிறகு அட்டை எதற்கு என்பது அவர் கட்சி. உள்விளக்கைப் போடமாட்டார். ஆஸ்பத்திரி வளைவு வந்ததும்தான் போட்டு, "எழுந்திருங்க, வந்தாச்சு" என்பார். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு நானும் சில தடவை போயிருக்கிறேன். கண்டக்டர் மாமா என்று கூப்பிடுவேன். ஜன்னலோர இடத்தை எனக்காக யாரிடமாவது கேட்டு வாங்கித் தருவார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பொருளியல் கடைசி வருடம், வணிகத் தரவுப் பகுப்பாய்வைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தேன். என்ன படிக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல கணக்கு" என்று சொல்லிவிடுவாள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அந்தப் பதில் கண்டக்டர் வந்துபோய் இரண்டு மாதம் கழித்து, பஸ் நிறுவனம் எங்கள் துறைக்கு ஒரு கோப்பு அனுப்பியது. ஆறு மாதத்து டிக்கெட் மெஷின் பதிவுகள், நாலு லட்சம் வரிசைகள். எந்த நடைகளை, அதாவது எந்த நேரத்து டிரிப்புகளை, நிறுத்தினால் நஷ்டம் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அது என் இறுதி ஆய்வாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் வரும் பொம்மைக் கணக்கு இல்லை, நிஜமான நிறுவனம், நிஜமான ஊர்.

ஆனால் கோப்பில் ஊர் இல்லை. வழித்தட எண்ணுக்குப் பதில் ரகசியக் குறியீடு. நிறுத்தங்களுக்குப் பெயர் இல்லை. நேரமும் நேரமாக இல்லை. நாள் முழுவதையும் ஒன்று என்று வைத்துக்கொண்டு, நேரத்தை அதன் பின்னமாக எழுதுகிற வழக்கம் ஒன்று இந்த மென்பொருள்களுக்கு உண்டு. நண்பகல் என்றால் 0.5. வரிசைப்படுத்தவும் கழிக்கவும் அதுவே வசதி என்பதால் நான் அதை மாற்றவில்லை. மாற்ற இரண்டு சொடுக்குப் போதும்.

4417 என்ற நடை எனக்கு உடனே பிடித்துப்போனது. புறப்படும் நேரம் 0.2153. நூற்று எண்பது நாளில் பெரும்பாலும் பயணிகள் பூஜ்யம், சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. ஈ ஓட்டும் வண்டி என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒரே ஒரு உறுத்தல். ஒரு நாள் மட்டும் முப்பத்தொன்று.

வழிகாட்டியிடம் காட்டினேன். அவரை மாணவர்கள் 'சராசரி சார்' என்று கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் சராசரி எவ்வளவு என்றுதான் திருப்பிக் கேட்பார்.

"சராசரி எவ்வளவு?"

"அந்த ஒரு நாளை விட்டா, பாதி ஆள்கூட இல்ல சார்."

"அப்போ அது அவுட்லையர்மா, மத்ததோட ஒட்டாத எண். மெஷின் கோளாறா இருக்கும், இல்ல யாராவது கல்யாணத்துக்குப் போயிருப்பாங்க. எடுத்துடு. எடுத்தேன்னு பின்னிணைப்புல ஒரு வரி எழுதிடு. நேர்மைக்கு நேர்மையும் ஆச்சு."

எடுத்தேன். ஒரு நாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதால் நீக்கினேன் என்று பதினான்காம் பக்கத்தில் ஒரு வரியும் எழுதினேன்.

ஆய்வை முன்வைத்த நாளில் நான் போட்டிருந்த சட்டையை அப்பா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், தன் கொதிகலன் நீராவியில் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். மடிப்புக் கத்தி மாதிரி நின்றது. நிறுத்தத் தகுந்த நடைகள் என்று பதினான்கைத் திரையில் காட்டினேன். முதல் வரிசையில் 4417. நிறுவனத்து அதிகாரிகள் கைதட்டினார்கள். வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அப்பா அதை வண்டி முழுக்கச் சொல்லியிருக்கிறார். பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் அப்பா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டியை நிறுத்தறாங்களாம். ஒண்ணாம் தேதியிலேர்ந்து. நோட்டீஸ் ஒட்டியிருக்கான். இனிமே முதல் வண்டியே ஆறு இருபத்தஞ்சுதான்."

"எந்த வண்டிப்பா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் ஏறுவது ஒரே வண்டிதான்.

"அஞ்சு பத்து."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். காலியான ஒரு கட்டத்தில் 5:10 என்று அடித்து, எண்ணாக மாற்றச் சொன்னேன். 0.2153 என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதுவே வந்தது. அந்த முப்பத்தொன்று வந்த தேதியைத் தேடினேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே கத்திய நாள் அது. விதிப்படி பாஸ்களை மெஷினில் பதிந்த ஒரே மனுஷன் அந்தப் பதில் ஆள்; மற்ற நாள்களின் ஒன்றும் இரண்டும் பாஸ் இல்லாமல் டிக்கெட் வாங்கிய வெளியாட்கள். உண்மை பதிவான ஒரே நாளை நான் என் கையால் அழித்திருக்கிறேன்.

வெளியே அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஆறு இருபத்தஞ்சுல ஏறினா ஏழு ஆயிடுமே. உங்க சூப்பர்வைசர் விடுவாரா?"

"மூணு நாள் தாமதமானா வேற ஆளைப் போட்டுடுவாரு. சொல்லியே சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன, துணி போகலன்னா அங்க கத்தி வைக்க முடியாது." பிறகு என் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, நீ படிச்சவ. ஒரு மனு எழுதிக் குடு. எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. முப்பத்துமூன்று கையெழுத்து வந்தது. அதில் நாலு பேர் கைநாட்டு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் அப்பா, "உன்னை நம்பித்தான் எல்லாரும் இருக்காங்க" என்பார். நான் மென்று விழுங்கிவிடுவேன்.

முதலில் சராசரி சாரிடம் போனேன். அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. கெட்டவர் இல்லை. "மதிப்பெண் போட்டாச்சும்மா. அறிக்கை அவங்க சொத்து. நான் கடிதம் எழுதலாம், ஆனா எதை வெச்சு எழுதறது? பதிவுல இல்லாததை எப்படிச் சொல்றது?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பஸ் நிறுவனத்தின் திட்டப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய பெண் அதிகாரிதான் அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, நம்ம பகுப்பாய்வுப் பொண்ணு. வாங்க, வேலை கேட்டு வந்தீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மனுவை நீட்டினேன். படித்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா மேடம். தப்பா எழுதிட்டேன். அந்த முப்பத்தொண்ணுதான் நிஜம். மத்த நாள் பூராவும் ஆள் இருந்தாங்க, பதியல."

"ஏன் பதியல?"

கண்டக்டர் மாமாவை இழுக்காமல் அதற்குப் பதில் சொல்ல வழியில்லை. அவரே சொன்னார், பொறுமையாக, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"ஆறு மாசம் முப்பது பேரை ஏத்திட்டு ஒருத்தரையும் பதியலன்னா, அது கண்டக்டர் தப்பு. நீங்க எழுதிக் குடுங்க. நான் விசாரணைக்கு அனுப்பறேன். அவரை உடனே சஸ்பெண்ட் பண்ணுவாங்க. விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகும். அதுக்கப்புறம் வண்டியைப் பத்தி யோசிப்பாங்க. எழுதறீங்களா?"

"வந்து நேர்ல எண்ணிப் பாக்கலாமே மேடம். ஒரு நாள்."

"ஒரு நாளை வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்தினார். அதுதான் தாங்கமுடியவில்லை. நான் வாங்கிய மதிப்பெண் ஒவ்வொன்றும் எதிர்க் கட்சியில் உட்கார்ந்திருந்தது.

அன்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கோப்பு, குறியீடு, பின்னம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதில் ஆளு வந்த அன்னைக்கு எங்க எல்லாரையும் எழுதியிருந்தான்ல?"

"எழுதியிருந்தாருப்பா. நான் எடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"மத்த நாளோட ஒத்துப்போகல."

தைலச் சீசாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்பத் திருகினார். அவர் கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன். கத்தவில்லை.

"கண்டக்டர் பேரைச் சொன்னியா அங்க?"

"இல்லப்பா."

"சொல்லாத. ரிட்டையர் ஆக இன்னும் ஒண்ணரை வருஷந்தான் இருக்கு. எங்களைத் தூங்க விட்டதுக்கா அந்த மனுஷனுக்குத் தண்டனை?"

"உங்க வேலைப்பா."

"நடந்து போயிக்கறேன். ஒண்ணே முக்கால் மணி நேரம். நாலு மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்."

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் நடப்பீங்க?" என்றாள் அம்மா உள்ளே இருந்து. ஒரு நாளைக்கு நடப்பார். ஒரு வாரம் நடப்பார். அதற்கு மேல் எந்த மாதிரிக் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றுதான். ஒரு வண்டியில் ஆளில்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரு பல்கலைக்கழகமே துணை நின்றது. ஆள் உண்டு என்று சொல்ல நான் மட்டுந்தான் இருந்தேன்.

கடைசி நாள் நானும் அப்பாவோடு போனேன். முந்தின நாளே ஒரு மாதப் பாஸ் வாங்கியிருந்தேன். ஒரு பாஸாவது பதிவாகட்டும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். வண்டி வந்தது. உள்ளே இருட்டு. எல்லாரும் அவரவர் இடத்தில் சாய்ந்திருந்தார்கள். இருட்டிலேயே எண்ணினேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து முப்பத்துநாலு.

கண்டக்டர் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"அட, இது யாரு, ஜன்னலோரக்காரியா? பெரிய படிப்பெல்லாம் முடிச்சிட்டியாமே. அப்பா சொல்லாத நாளில்ல."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாத்தியாம்மா அநியாயத்தை. இந்த வண்டியில ஆளே இல்லன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். கண்ணு தெரியாத பய. ஒரு நாள் வந்து ஏறிப் பாத்திருந்தா தெரியும்ல?"

என் பக்கத்தில் அப்பா அசைந்தார். "விடுங்க. சின்னப் பிள்ளைங்க யாராவது எழுதியிருக்கும். வேணும்னேவா செஞ்சிருக்கும்?" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் பாஸை நீட்டினேன். "மாமா, மெஷின்ல தொட்டுடுங்க."

"அட, உள்ள வைம்மா."

"இல்ல மாமா, தொடுங்க. எல்லாரோடதும் தொடுங்க. இன்னைக்கு ஒரு நாளாவது."

அவர் சிரித்தார். என் கையை மெல்ல மடக்கி, பாஸை என் விரல்களுக்குள்ளேயே வைத்து மூடினார்.

"ஒன்பது வருஷமா எழுப்பாதவன், கடைசி நாள் எழுப்புவேனா? உன்னை எனக்குத் தெரியாதா? அப்பா மேல சாஞ்சு ஒரு தூக்கம் போடு. வளைவு வந்ததும் நானே சொல்றேன்."

மெஷின் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமலே அவர் முன்பக்கம் போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி வளைவு வரைக்கும் யாரும் விளக்கைப் போடவில்லை.